கற்றவர் கடன் – வரலாறு காட்டும் வழி

ஒரு கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காண்பது மகிழ்ச்சிக்குரிய நிகழ்ச்சியாகும். மகிழ்வதோடு கணக்குப் பார்த்தலும் விழாவுக்குரிய கடமையே. எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் பணியில் அமர்ந்தனர் என்னும் கணக்கைச் சங்கத்தின் ஆண்டறிக்கைகள் கூறும். படித்து முன்னேறியவர்கள் பின்தங்கி நிற்பவர்களுக்கு என்ன செய்தார்கள், இனி என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்னும் கணக்கை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்கணக்கை வரலாற்றின் துணைகொண்டு பார்க்க முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாய்ப்பு என்பது யாது?

பிறப்பினாலோ, இடத்தினாலோ, காலத்தினாலோ ஒருவனுக்கு முயலாமலே கிடைத்துவிட்ட மேல்நிலையைச் சமூக வாய்ப்பு எனலாம். ஊர்ப் பொதுக்கிணற்றில் நீர் எடுக்கும் உரிமை, பள்ளிக்கூடத்தில் உள்ளே அமரும் உரிமை, தெருவில் செருப்பணிந்து நடக்கும் உரிமை ஆகியவை ஒரு காலத்தில் சிலருக்குப் பிறப்பிலேயே வாய்த்திருந்தன. வாய்த்தவர்களுக்கு அவை உரிமைகளாகவே தோன்றவில்லை. காற்றைப்போல் இயல்பாக இருந்தன. மறுக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே அவற்றின் அருமை தெரிந்தது. வாய்ப்பின் முதல் தன்மை இதுவே: உடையவன் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

இவ்வுண்மையைப் பிறரைக் குறித்துக் கூறுவது நமக்கு எளிது. நம்மைக் குறித்துக் கூறுவதே கடினம். ஆயினும் நம்முள்ளும் வாய்ப்புப் பெற்றவர், பெறாதவர் என்னும் இரு பிரிவினர் இன்று உளர். தந்தை எழுத்தராக இருந்த வீட்டில் பிறந்த பிள்ளையும், தந்தை அண்டைகட்டி நாற்றுநடும் வீட்டில் பிறந்த பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்ந்து ஒரே வினாத்தாளை எழுதுகின்றனர். ஒருவனுக்கு வீட்டில் மேசையும் விளக்கும் உண்டு. சந்தேகம் கேட்க ஆளும் உண்டு. மற்றவனுக்கு அறுவடைக் காலத்தில் பள்ளிக்கு வருவதே அரிது. முதலாமவன் மிகுந்த மதிப்பெண் பெற்றால் அதில் அவன் உழைப்பும் இருக்கிறது. அவன் உழைக்காமல் பெற்றதும் இருக்கிறது. 30 ஆண்டுகளாக வகுப்பறையில் நாம் கண்டுவரும் உண்மை இது.

ஈகையும் ஒப்புரவும்

பெற்றவன் பெறாதவனுக்குச் செய்வதைத் தமிழ்ச் சான்றோர் இரு வகையாகப் பகுத்தனர். திருவள்ளுவர் ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரத்தையும் ஈகை என மற்றோர் அதிகாரத்தையும் தனித்தனியே வகுத்தார். ஒப்புரவை முன்னே வைத்தார். வந்து கேட்டவனுக்கு மனமிரங்கிக் கொடுப்பது ஈகை. உலக நடையறிந்து, தன்னிடம் உள்ளது ஊருக்கும் உரியது என உணர்ந்து நடப்பது ஒப்புரவு. ஈகையில் கொடுப்பவன் கை மேலேயும் வாங்குபவன் கை கீழேயும் இருக்கும். ஒப்புரவில் அவ்வேற்றுமை இல்லை.

நமது சமூகம் நெடுங்காலம் ஈகையைப் பெற்ற சமூகம். களத்தில் மிஞ்சிய நெல்லும், விழாவில் மிஞ்சிய சோறும், உடுத்துக் கழித்த துணியும் நம் முன்னோருக்குக் கொடுக்கப்பட்டன. கொடுத்தவர்கள் தம்மைத் தருமவான்கள் என எண்ணிக்கொண்டனர். ஆனால் அந்நெல்லை விளைவித்தவர் யார் என்னும் கேள்வியை எவரும் கேட்கவில்லை. ஆகவே ஈகை வாங்கும் கை எவ்வாறு கூசும் என்பதை நாம் அறிவோம். படித்த நம் இளைஞர் பின்தங்கியோருக்குச் செய்வது ஈகையாக அமைந்துவிடலாகாது. அது ஒப்புரவாக, இன்னும் தெளிவாகச் சொன்னால், பட்ட கடனைத் திருப்பிக் கொடுப்பதாக அமைய வேண்டும். ஏன் கடன் என்பதை வரலாறு விளக்கும்.

ஒரு படி மேலே நின்றவர்கள்

19ஆம் நூற்றாண்டில் மராட்டிய நாட்டில் தோன்றிய சோதிராவ் புலே தோட்டக்காரச் சமூகத்தில் பிறந்தவர். அன்றைய சாதி அடுக்கில் அவர் உச்சியில் இருந்தவர் அல்லர். சூத்திரர் என இகழப்பட்டவரே. எனினும் தமக்குக் கீழே தள்ளப்பட்டவர்களை அவர் மறக்கவில்லை. 1848இல் புனே நகரில் அவரும் அவர்தம் துணைவியார் சாவித்திரிபாயும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினர். அடுத்த சில ஆண்டுகளில் மகர், மாங்கு சமூகப் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் அமைத்தனர். 1868இல் தம் வீட்டுக் கிணற்றைத் தீண்டப்படாதார் எனப்பட்டோருக்குத் திறந்துவிட்டார் புலே. சாவித்திரிபாய் 1897இல் பிளேக் நோயாளருக்குத் தொண்டு செய்து, அந்நோயாலேயே உயிர் நீத்தார்.

அப்பள்ளியின் பயன் யாது? அங்குப் பயின்ற முக்தா சால்வே என்னும் மாங்கு சமூகச் சிறுமி, தம் மக்கள் படும் துன்பங்களை விரித்து 1855இல் ஒரு கட்டுரை எழுதினார். அது மராத்தி இதழொன்றில் வெளிவந்தது. எழுத்தறிவு கிட்டிய சில ஆண்டுகளிலேயே அச்சிறுமி தம் சொந்தக் குரலில் பேசினார் என்பது கருதத்தக்கது. பிறர் நமக்காகப் பேசுவது ஒரு நிலை. நாமே பேசும் நிலைக்கு நம்மை உயர்த்துவது அதனினும் மேலான நிலை. உதவி செய்வோர் கைக்கொள்ள வேண்டிய அளவுகோல் இதுவே.

கோலாப்பூர் அரசர் சாகு மகாராஜா 1902இல் தம் நாட்டு அரசுப் பணிகளில் 50 விழுக்காட்டைப் பின்தங்கிய வகுப்பினருக்கு ஒதுக்கினார். 1920 மார்ச்சுத் திங்களில் மாண்காவ் என்னும் ஊரில் நடைபெற்ற ஒடுக்கப்பட்டோர் மாநாட்டிற்கு அவரே வந்திருந்து, இளைஞராயிருந்த அம்பேத்கரை அம்மக்களின் தலைவராக ஏற்றுப் போற்றினார். அரியணையில் இருந்த ஒருவர், தலைமை தமக்குரியதன்று, அம்மக்களுள் ஒருவருக்கே உரியது என உணர்ந்து ஒதுங்கி நின்றது அருஞ்செயலாகும்.

நம் மாகாணத்தில் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராகப் பணியாற்றிய டிரமன்கீர் என்னும் ஆங்கிலேயர், நம் மக்களின் வறுமைக்கு நிலமின்மையே அடிப்படை என விளக்கி 1891இல் அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அந்நிலத்தை முதல் 10 ஆண்டுகள் எவருக்கும் விற்கலாகாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்டோர் அல்லாதாருக்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. நிபந்தனை தாளில் இருந்தது. நிலமோ பல ஊர்களில் கைமாறிப் போயிற்று. கடனுக்கு ஈடாகக் கைநாட்டு வாங்கியோர் பலர். பட்டாவையும் சிட்டாவையும் அடங்கலையும் படித்துச் சொல்ல நம் சேரிகளில் அன்று எழுத்தறிந்தவர் அரியர். சட்டம் நன்மை செய்ய வேண்டுமானால் அதனைப் படித்துச் சொல்லும் ஒருவன் அத்தெருவிலேயே இருக்க வேண்டும் என்பது பஞ்சமி நில வரலாறு கற்பிக்கும் பாடம்.

நம் முன்னோர் ஆற்றிய பணி

பிறர் செய்த உதவி ஒருபுறம் இருக்க, நம்மவர் தமக்குத் தாமே ஆற்றிய பணியை இளைஞர்கள் முதலில் அறிதல் வேண்டும். யாரோ வந்து நம்மைத் தூக்கிவிட்டார்கள் என்னும் எண்ணம் வரலாற்றுக்குப் பொருந்தாது.

பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) தமிழ், வடமொழி, பாலி, ஆங்கிலம் அறிந்த அறிஞர், சித்த மருத்துவர். தம் மருத்துவத் தொழிலால் வாழ்வை நடத்திக்கொண்டு தாம் உண்டு தம் குடும்பம் உண்டு என இருந்திருக்கலாம். அவரோ 1891இல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டி, நம் மக்களின் கல்வி, நிலம், வேலை ஆகியன குறித்துத் தீர்மானங்கள் நிறைவேற்றச் செய்தார். 1907இல் சென்னையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். ஏழையும் வாங்கத்தக்க விலையையே இதழின் பெயராக வைத்த அவர் உள்ளம் எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அறிஞர் பேசும் பொருள்களை அவ்விதழ் உழைப்பாளர் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுசென்றது.

அவ்விதழைத் தாங்கியோருள் கோலார் தங்கவயல் தொழிலாளர் குறிப்பிடத்தக்கவர். பிழைப்புத் தேடிச் சென்று, பூமிக்கடியில் பாறை உடைத்த மக்கள் அவர்கள். பண்டிதர் மறைந்து ஆண்டுகள் பல சென்றபின், 1926 முதல் ‘தமிழன்’ இதழ் ஜி.அப்பாதுரையார் ஆசிரியர் பொறுப்பில் அத்தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. அங்கு இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை மீண்டும் அச்சிட்டுக் காத்தது. சுரங்கத் தொழிலாளியின் கூலியில் வாழ்ந்தது அவ்வெழுத்து. இன்று நாம் அயோத்திதாசரைப் படிக்க முடிகிறதென்றால், அக்கூலியில் ஒரு பகுதி நமக்காகச் செலவிடப்பட்டிருக்கிறது என்பதே பொருள். கடன் என்று நாம் கூறுவது இதனைத்தான்.

இரட்டைமலை சீனிவாசன் (1860–1945) 1893இல் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். இழிவாகக் கூறப்பட்ட பெயரையே தலைப்பாக ஏந்தி வெளிவந்தது அவ்விதழ். அதே ஆண்டில் இந்திய சிவில் சர்வீசுத் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் எனக் காங்கிரசார் கோரினர். பார்வைக்கு அது நாட்டுக்கு நன்மையான கோரிக்கையே. ஆனால் கல்வி ஒரு சாராரிடமே குவிந்திருக்கும் நாட்டில் தேர்வு மட்டும் பொதுவானால், ஆட்சி அதிகாரம் முழுவதும் அவர்களிடமே சேரும் எனச் சீனிவாசன் கண்டார். 3,412 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். பந்தயக் கோடு ஒன்றாயினும் புறப்படும் இடம் வேறாயின் அப்பந்தயம் நேர்மையானதன்று என்னும் கருத்தை, இட ஒதுக்கீடு என்னும் சொல் பரவுவதற்கு முன்னரே நம் முன்னோர் உணர்ந்திருந்தனர்.

1900இல் கடல்கடந்து சென்ற சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். 1921இல் தாயகம் திரும்பினார். வயது 60ஐக் கடந்திருந்தது. ஓய்வு கொண்டிருப்பின் எவரும் குறை கூறியிரார். அவரோ 1923இல் சட்டமன்ற உறுப்பினராகி, பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் நம் மக்கள் பயன்படுத்துவதை எவரும் தடுக்கலாகாது என்னும் தீர்மானத்தை 1924இல் கொணர்ந்து நிறைவேற்றினார். பின்னர் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்து நம் உரிமைக்கு வாதாடினார். இன்று நாம் எண்ணிப் பாராமலே நடந்து செல்லும் சாலை, ஒரு முதியவர் ஓய்வை விட்டுப் பெற்றுத் தந்த சாலை.

எம்.சி.ராஜா (1883–1943) பள்ளி ஆசிரியர் என்பது நம் போன்ற ஆசிரியர்க்குப் பெருமை தருவது. சென்னைச் சட்டமன்றத்தில் நம் மக்களின் சார்பில் அமர்ந்த அவர், பறையர், பஞ்சமர் என்னும் பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி, ஆதிதிராவிடர், ஆதி ஆந்திரர் எனக் குறிக்க வேண்டும் என்னும் தீர்மானத்தை 1922இல் நிறைவேற்றச் செய்தார். 1932இல் தனித்தொகுதி, கூட்டுத்தொகுதி பற்றி அவருக்கும் அம்பேத்கருக்கும் கருத்து வேற்றுமை நேர்ந்தது. சீனிவாசன் இழிபெயரைக் கொடியாக ஏந்தினார். ராஜா அப்பெயரையே அகற்ற முனைந்தார். வழிகள் வேறுபட்டன. தம் மக்களை விட்டு விலகி, தம் நலத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும் வழியை அவர்களுள் எவரும் தேர்ந்தெடுக்கவில்லை.

சுவாமி சகஜானந்தர் (1890–1959) ஆரணிக்கு அருகில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி நிறுவினார். எந்த ஊரின் கோயில் வாயில் நந்தனுக்கு எளிதில் திறக்கவில்லையோ, அந்த ஊரிலேயே நந்தன் மரபினருக்குக் கல்விக்கூட வாயிலைத் திறந்தார் அத்துறவி. துறவு என்பது உலகை விட்டு ஓடுவதாகாது என்பதற்கு அவர் வாழ்வே சான்று. அப்பள்ளியில் பயின்று வெளிவந்தோர் தென்னார்க்காட்டுப் பகுதியில் பல துறைகளிலும் விளங்கினர். அது இன்றும் அரசுப் பள்ளியாக நடைபெற்று வருகிறது.

அண்ணலின் வாழ்வும் வேதனையும்

கல்வி வாய்ப்புப் பெற்ற ஒருவர் அதனை எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்பதற்கு அண்ணல் அம்பேத்கர் வாழ்வே பெரும் பாடநூல். 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் அளித்த உதவித்தொகை பெற்று அவர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். படிப்பு முடிந்ததும் 10 ஆண்டுகள் பரோடா அரசில் பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தார். 1917இல் அங்குப் பணியேற்கச் சென்றபோது அலுவலகத்தில் ஏவலரும் அவரைத் தீண்ட அஞ்சினர். தங்கியிருந்த விடுதியினின்றும் துரத்தப்பட்டார். உலகின் சிறந்த பல்கலைக்கழகத்துப் பட்டமும் அந்நகரில் அவருக்கு ஓர் அறையைப் பெற்றுத் தரவில்லை. தனி ஒருவன் எவ்வளவு உயர்ந்தாலும், சமூகம் தாழ்ந்திருக்கும்வரை அவன் உயர்வு முழுமை பெறாது என்பதை அன்று அவர் அனுபவத்தால் அறிந்தார்.

இலண்டனிலும் பயின்று திரும்பிய அவர், 1924இல் ஒடுக்கப்பட்டோர் நலச் சபையை நிறுவினார். பாரிஸ்டர் பட்டம் பெற்றவர் தொடங்கிய சபையின் முதற்பணிகளுள் ஒன்று, சோலாப்பூரில் 1925இல் மாணவர் விடுதி திறந்தது என்பதை நம் சங்கத்தார் நெஞ்சில் நிறுத்த வேண்டும். சிற்றூர்ப் பிள்ளைக்குப் பள்ளி மட்டும் போதாது. உண்ணவும் உறங்கவும் இடம் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். 1932 பூனா ஒப்பந்தத்தில் தொகுதிகள் பற்றிய விதிகளோடு, மாகாணந்தோறும் கல்விக்கான மானியத்தில் ஒடுக்கப்பட்டோர் கல்விக்கெனப் போதிய தொகை ஒதுக்கப்பட வேண்டும் என்னும் விதியும் இடம்பெற்றது. பலரும் மறந்துவிடும் விதி இது.

1942இல் வைசிராய் நிர்வாக அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக அவர் அமர்ந்தார். அப்பதவியில் இருந்தபோது பட்டியல் வகுப்பினரின் உயர்கல்விக்கு ஆண்டுக்கு 3 இலட்சம் ரூபாய் ஒதுக்கச் செய்தார். 1944இல் தொடங்கிய உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் நாடு விடுதலை பெற்றபின்பும் விரிவடைந்து வந்தது. நமது ஊரில் பட்டம் பெற்ற ஒவ்வொருவரும் அம்மரத்தின் நிழலில் ஒரு நாளேனும் நின்றவர்களே. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும், 1950இல் அவுரங்காபாத்தில் மற்றொரு கல்லூரியையும் தொடங்கினார்.

இத்தகைய பெருமகனார் தம் இறுதி ஆண்டில் எதற்காக வருந்தினார்? 1956 மார்ச்சு 18ஆம் நாள் ஆக்ராவில் மக்கள் முன் பேசியபோது, படித்தவர்கள் சமூகத்திற்குத் தொண்டாற்றுவார்கள் என நம்பியிருந்ததாகவும், அவர்களோ எழுத்தர் வேலையில் அமர்ந்து தம் வயிற்றை நிரப்பிக்கொள்வதிலேயே நின்றுவிட்டதாகவும் வேதனையோடு கூறினார். 9 திங்கள் கழியுமுன் அவர் மறைந்தார். பகைவர் தந்த துன்பங்களையெல்லாம் தாங்கிய அவ்வுள்ளத்தை வருத்தியது படித்த நம்மவரின் பாராமுகம். அவ்வருத்தம் 1956இல் கேட்டவர்களுக்கு மட்டும் உரியதன்று. ஊதியம் பெறும் நம் ஒவ்வொருவரின் வாசலிலும் இன்றும் நிற்கிறது.

இன்றைய நிலை

நாம் அடைந்த முன்னேற்றத்தைக் குறைத்துக் கூற வேண்டியதில்லை. 1961 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் பட்டியல் வகுப்பினருள் எழுத்தறிந்தோர் 10.27 விழுக்காட்டினர், பெண்களுள் 3.29 விழுக்காட்டினர். 2011இல் இவை முறையே 66.07, 56.46 என உயர்ந்தன. தமிழ்நாட்டில் 2011இல் பட்டியல் வகுப்பினரின் எழுத்தறிவு 73.26 விழுக்காடு, மாநிலத்தின் பொது அளவு 80.09 விழுக்காடு. 50 ஆண்டுகளில் ஏறிய ஏற்றம் பெரிது. இடைவெளி இன்னும் மூடப்படவில்லை.

அவ்விடைவெளிக்குள்ளே மற்றோர் இடைவெளியும் இருக்கிறது. பட்டியல் வகுப்பு என்பது ஒரே தெரு அன்று, பல தெருக்கள். அவற்றுள் அருந்ததியர் தெரு பல ஊர்களில் நம் தெருவுக்கும் அப்பால் இருக்கிறது. மலக்குழி, சாக்கடைப் பணியில் தள்ளப்பட்டோருள் அவர்களே மிகுதி. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 1993இலும், விரிவான சட்டம் 2013இலும் வந்தன. சாக்கடையில் இறந்தோர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023இல் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. இழப்பீட்டை உயர்த்த வேண்டியிருந்தது என்பதே இறப்பு நிற்கவில்லை என்பதற்குச் சான்று.

புதிரை வண்ணார் என்னும் சமூகத்தார் நிலை நம் மனச்சான்றை இன்னும் நேராகத் தொடுவது. அவர்கள் துணி வெளுத்ததும், பிறப்பு இறப்புச் சடங்குகளில் பணி செய்ததும் நம் மக்களுக்கே. நம் வாசலில் அவர்கள் நின்றார்கள். நாம் பிறர் வாசலில் நின்றோம். சாதிச் சான்றிதழ் பெறுவதற்கே அவர்கள் அல்லலுறுகின்றனர்.

தமிழ்நாட்டில் பட்டியல் வகுப்பினருக்குரிய 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009இல் சட்டமாயிற்று. இத்தகைய உட்பிரிவு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என உச்ச நீதிமன்றத்தின் எழுவர் அமர்வு 2024 ஆகஸ்டு 1ஆம் நாள் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. இது குறித்து நம் இளைஞரிடையே மாறுபட்ட கருத்துகள் உள்ளன. இது ஒற்றுமையைக் குலைக்கும் என்று அஞ்சுவோரும் உளர்; அவ்வச்சத்தை நாம் இகழவில்லை. ஆனால் “எங்கள் இடத்தை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்”, “அவர்களுக்குத் தகுதியிருந்தால் போட்டியிட்டு வரட்டும்” என்னும் சொற்கள் நம் வாயிலிருந்து வரும்போது, அவை யார் வாயிலிருந்து நாம் கேட்ட சொற்கள் என்பதைச் சற்றே நினைவுகூர வேண்டும். 1893இல் சீனிவாசன் எழுப்பிய வாதம் நமக்குப் பொருந்துமானால், நமக்குப் பின்னே நிற்பவர்க்கும் பொருந்தும். நீதி மேல்நோக்கிக் கேட்கும்போது இனிக்கும். கீழ்நோக்கிக் கொடுக்கும்போதும் அதே சுவையோடு இருந்தால்தான் அது நீதி. ஒற்றுமையைக் குலைப்பது பங்கீடு அன்று, பங்கு மறுக்கப்படுதலே.

சில ஐயங்களும் விடைகளும்

“என் முயற்சியால் படித்தேன், எவருக்கும் நான் கடன்பட்டிலேன்” எனச் சிலர் கூறலாம். முயற்சியை யாரும் மறுக்கவில்லை. அம்முயற்சி நடந்த பள்ளி, உண்ட விடுதி, பெற்ற உதவித்தொகை, நடந்த சாலை ஆகிய ஒவ்வொன்றின் பின்னும் ஒரு போராட்டமும் ஒரு மனிதரும் இருப்பதை மேலே கண்டோம். அவர்தம் முயற்சிக்கு விலை கொடுக்க நம்மால் இயலாது. அவர்கள் இன்று இல்லை. ஆதலின் அக்கடனை அடுத்தவர்க்கே செலுத்த வேண்டும்.

“நகரத்தில் வாடகை வீடு கிடைப்பதற்கே சாதியை மறைக்க வேண்டியிருக்கிறது, ஊரோடு உறவு வைத்தால் வெளிப்பட்டுவிடும்” என்பது வேறு சிலரின் இடர்ப்பாடு. 1917இல் பரோடாவில் அண்ணல் பட்டதும் இதே துன்பம். மறைப்பவரைப் பழிப்பது அறமாகாது. ஆனால் மறைந்து வாழ்வது ஒரு தலைமுறைக்குத் தற்காப்பாக இருக்கலாம். அதுவே வழியாகிவிட்டால் மறைக்க வேண்டிய நிலை என்றும் மாறாது. வெளிப்பட இயலாதவர் மறைவாகவேனும் ஒரு மாணவனின் கட்டணத்தைக் கட்டலாமே!

“பல தலைமுறையாக உயர்ந்திருப்போர் சும்மா இருக்க, நேற்றுக் கரையேறிய நாங்களா சுமக்க வேண்டும்?” என்பது மூன்றாவது கேள்வி. இது நேர்மையான கேள்வி. அவர்கள் கடன் நம் கடனினும் பன்மடங்கு பெரிது. அதனைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. அதற்கான போராட்டம் ஒருநாளும் தளரலாகாது. ஆனால் அவர்கள் செலுத்தும்வரை நம் பிள்ளை காத்திருக்க முடியாது. 9ஆம் வகுப்பில் நின்றுவிடும் பெண், அடுத்த ஆண்டு திருமணமாகிப் போய்விடுகிறாள். புலேயும் அடுக்கின் உச்சியில் இருப்பவர் தொடங்கட்டும் எனக் காத்திருக்கவில்லை.

செய்யத்தக்கன

பேச்சோடு நில்லாமல் சிலவற்றை நம் சங்கத்தாரும் இளைஞரும் கருத்தில் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

முதலாவது, படித்தவர் ஒவ்வொருவரும் தம் தெருவின் எழுத்தராதல் வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, உதவித்தொகை விண்ணப்பம் ஆகியவை இன்று கணினி வழியே செல்கின்றன. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் திரும்பி வருகிறது. அதனைத் திருத்தத் தாய் ஒருநாள் கூலியை இழந்து அலுவலகம் செல்கிறாள். படித்த இளைஞன் ஒரு மாலைப் பொழுதில் முடிக்கக்கூடிய வேலை அது. பஞ்சமி நிலம் கைமாறிய வரலாறு இனி உதவித்தொகையில் நிகழலாகாது.

இரண்டாவது, தூய்மைப் பணியாளர் பிள்ளைகளுக்கென 1977–78ஆம் ஆண்டில் மைய அரசு தனி உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. ஆயினும் தந்தையின் தொழிலைத் தாளில் எழுதக் கூசி விண்ணப்பிக்காமலே விட்டுவிடும் குடும்பங்களை நாம் பள்ளியில் கண்டிருக்கிறோம். அவர்கள் வீடு தேடிச் சென்று, கூச்சம் நீங்கப் பேசி, விண்ணப்பிக்கச் செய்வது ஆசிரியர்க்கும் சங்கத்தார்க்கும் உரிய பணி.

மூன்றாவது, சங்கம் வழங்கும் உதவியிலும் மாலை வகுப்பிலும் நம் தெருப் பிள்ளை, அத்தெருப் பிள்ளை என்னும் வேறுபாடு இருத்தலாகாது. அருந்ததியர், புதிரை வண்ணார் பிள்ளைகளுக்கு முதலிடம் என விதியே வகுக்கலாம். அவர்தம் பெற்றோர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக அமர்தல் வேண்டும். அவர்களுக்காக நாம் பேசுவதினும் அவர்களே பேசுவது நன்று; முக்தா சால்வேயின் கட்டுரை கற்பிப்பது அதுவே.

நான்காவது, பெண் கல்வி. 2011 கணக்கிலும் நம் ஆடவருக்கும் மகளிருக்கும் இடையே பெரும் இடைவெளி காண்கிறோம். வீட்டில் சகோதரனுக்குக் கிடைக்கும் நேரமும் உணவும் விளக்கும் சகோதரிக்கும் கிடைக்கின்றனவா என ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் மேல்நிலையை விட்டுக்கொடாதவன் ஊரில் சமத்துவம் பேசுவது பொருந்தாது.

ஐந்தாவது, ஊதியம் பெறுவோர் அதில் ஒரு சிறு பகுதியைத் திங்கள்தோறும் சங்கத்துக்கு அளித்தல். தொகை சிறிதாயினும் தவறாமல் அளிப்பதே முறை. பூமிக்கடியில் உழைத்த கோலார் தொழிலாளி தன் கூலியிலிருந்து அறிவுக்கு ஒரு பங்கு அளித்தான். மின்விசிறியின் கீழ் அமர்ந்து பணிபுரியும் நமக்கு அது இயலாதா?

இளைஞர்களே! நீங்கள் ஏறி வந்த ஏணியில் ஒவ்வொரு படியும் ஒருவர் தோள். மேலே வந்தபின் ஏணியை இழுத்துக்கொள்வோரைப் பற்றி நாம் நூறாண்டுகளாக முறையிட்டு வருகிறோம். அம்முறையீட்டுக்கு நாமே இலக்காகாதிருப்போமாக. இச்சங்கம் 50ஆம் ஆண்டுப் பொன்விழாக் காணும்போது, எத்தனை பேர் பதவி பெற்றனர் என்பதோடு, கடைசித் தெருவின் கடைசி வீட்டிலிருந்து எத்தனை பிள்ளைகள் கல்லூரி சென்றனர் என்னும் கணக்கையும் அன்றைய மலர் வெளியிடட்டும். அக்கணக்கில் குறையிராதபடி உழைப்பதே வெள்ளி விழாக் காணும் நம் தலைமுறையின் கடன்.

வாழ்க கல்வி! வளர்க சமத்துவம்!